பின்னாடி ரூமுக்கு ஒரு வரி

இல்லைங்க வக்கீலம்மா, அதை நான் எழுத முடியாது. வீட்டு புரோக்கருக்கு இப்ப சட்டம் அப்படி. விற்பனை பாரத்துல காலியா விட்ட எடத்தை நிரப்பலாம். பேரு, விலாசம், விலை, அவ்ளோதான். சொந்தமா ஒரு வரி சேர்த்தா லைசென்ஸ் போச்சு. இதுக்கு என்ன அர்த்தம்னு யாராவது கேட்டாக்கூட, வக்கீலைப் போய்ப் பாருங்கன்னுதான் சொல்லணும்.

விக்கிறவர் பேரா? ஆமா, அதை இன்னும் எழுதலை. எழுதிக்கலாம், இருங்க.

சட்டம் போட்டதுலயும் ஞாயம் இருக்கு. எங்காளு ஒருத்தன், சொட்டைன்னு கூப்பிடுவோம், மாடியில இருக்கிறவங்க காலி பண்ணித் தருவாங்கன்னு அவனே எழுதிட்டான். எப்போன்னு எழுதலை. இன்னும் காலி பண்ணிக்கிட்டேதான் இருக்காங்க. வாங்குன மனுஷன் கீழ நின்னு அவங்க துணி காயறதை அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்காரு.

சரி, விஷயத்துக்கு வர்றேன். விக்கிறவருக்கு வயசாயிடுச்சு. சம்சாரம் போய்ச் சேந்துட்டாங்க. வாங்குறவன் பொண்டாட்டி புள்ளைங்களோட குடிவரப் போறான். பெரியவரு கடைசி வரைக்கும் பின்னாடி ரூம்ல இருக்கட்டும்னு வாயால சொல்லியிருக்கான். அதை நீங்க எழுத்துல போட்டுக் குடுக்கணும். சின்ன ரூம்தாங்க. ஒரு கட்டில் போடலாம். கதவைக் கொஞ்சம் தூக்கிச் சாத்தணும், இல்லைன்னா மூடாது.

எனக்கெப்படித் தெரியுமா? வீடு காட்டுறவன் கதவைத் தெறந்து மூடிப் பாக்க வேணாமா?

அவரே கேக்கலாம்தான். கேக்கத்தான் வாயெடுத்தாரு. ஏன், என்னை நம்பலையான்னு அவன் ஒரு பார்வை பாத்தான். அதோட பேச்சு நின்னு போச்சு. அவன் நல்லவன்தாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா நாளைக்கே வேலை மாத்தலாகி, வீட்டை வேற யாருக்காவது குடுத்துட்டுப் போறான்னு வைங்க. புதுசா வர்றவனுக்கு இந்தக் கெழவன் யாரு? அதான் பயமா இருக்கு. கேட்டா மனசு கோணிடும், கேக்காம விட்டா தூக்கம் வரலை. என்னதான் பண்றது, சொல்லுங்க.

அதனால நீங்களா கேக்குற மாதிரி கேளுங்க. வயசானவங்க விக்கிறப்ப எல்லாருக்குமே இதைப் போடுறதுதான் வழக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நீங்க சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. காலைத் தொட்டுக் கேக்குறதா நெனச்சுக்கங்க.

தோ, கார் நிக்குது. அவன்தான். நான் கேட்டேன்னு மட்டும் காட்டிக்காதீங்கம்மா.

வாப்பா, உள்ள வா. வண்டி நிறுத்த எடம் கெடச்சுதா? உக்காரு. வக்கீலம்மா, இவன்தான் வாங்குறவன். என் பையன்.

அந்த பாரத்தை இப்படிக் குடுங்க. விக்கிறவர் பேருன்னு காலியா இருக்கே, அந்த எடத்தை நான் நிரப்பலாம்.