இறகுத் தொட்டி மூடப்படாது

ஊர் மூக்கைப் பொத்தியபோதும் முகம் சுளிக்காத முன்னோடியே! கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாவைக் கண்ணாய்க் காத்த கலாநிதி ஹமீமா மக்கீன் அவர்களே!

உங்கள் கதையை இந்தப் பிரியாவிடை நாளில் உங்களுக்கல்ல, சபைக்குச் சொல்லப்போகிறோம். மேடையில் வீற்றிருக்கும் பணிப்பாளரும் செவிமடுக்கட்டும்.

கோழிக் கடைகளின் இறகைக் கால்வாயில் கொட்டியும் கண்ட இடத்தில் எரித்தும் கொழும்பு நகரம் வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை நாறிய நாளில், இறகையே இரையாக்கும் பக்டீரியாவைக் கோழிக் கடைச் சேற்றிலேயே கண்டெடுத்தவர் ஹமீமா. ஆய்வுகூடத் தொட்டியில் அதை வளர்த்து, இறகைக் கரைத்து, பயிருக்கு உரமாக்கினார். கேலி பேசியவர்களுக்கு அவர் காது கொடுக்கவே இல்லை.

ஒருமுறை இறகு கரையாமல் அப்படியே மிதந்தது. "தோல்வி, மூடுங்கள்" என்றது மேலிடம். ஹமீமா நேரே கொட்டாஞ்சேனைக்குப் போய், இறகு தரும் கடைக்காரர் மீரா சாஹிபிடம் விசாரித்தார்.

"ஊத்தையோட ஒங்களுக்கு அனுப்ப வெக்கமா ஈந்திச்சி மேடம். அதான் பினாயில் போட்டு நல்லாக் கழுவித் தந்த" என்றார் அவர்.

"யா அல்லாஹ்! என்ட புள்ளகள் எல்லாம் மௌத்தாப் பெய்த்தே!" என்று, பினாயிலில் செத்த பக்டீரியாவை எண்ணித் தலையில் கைவைத்த ஹமீமா, மறுகணம் வாய்விட்டுச் சிரித்தார். "இனி ஊத்தையாவே தாங்க, நானா" என்று அவரை அண்ணன் முறை சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

பக்டீரியாவைப் புதிதாய் வளர்த்தார். இறகு கரைந்தது, தொட்டி தப்பியது.

இப்போது பணிப்பாளரிடமிருந்து மறுபடி உத்தரவு வந்திருக்கிறது. ஹமீமா ஓய்வுபெறும் இன்றைக்கே தொட்டியைக் காலிசெய்து, அங்கே வாகனம் நிறுத்த இடம் ஒதுக்க வேண்டுமாம். அவருக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு அவருடைய உழைப்பைச் சாக்கடைக் கானில் ஊற்ற எங்களுக்குக் கை வராது.

மேடம்! நேற்று நீங்கள் பிரிய மனமின்றித் தொட்டியருகே நின்றதைக் கண்டோம். அதனால் இன்று காலை, உங்களுக்கும் சொல்லாமல், புதிய இறகு மூட்டைகளை இறக்கித் தொட்டியை நிரப்பிவிட்டோம். அது கரைந்ததும் மீண்டும் நிரப்புவோம்.

நீங்கள் நோய் நொடி அண்டாமல், நெஞ்சுரம் குன்றாமல், நெடுங்காலம் வாழ வேண்டும். தொட்டி இனி எங்கள் பொறுப்பு.

பணிப்பாளர் அவர்களே! உத்தரவை மீறியது யாரென்று விசாரணை வைத்துச் சிரமப்பட வேண்டாம். எல்லோரும் இந்த வாழ்த்து மடலின் கீழே ஒப்பமிட்டு, அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
ஆய்வுகூட ஊழியர்கள், ஒருவர் விடாமல்
கொழும்பு