212ஆம் வரியில் நின்ற அம்பு

ஃபோர்ட்ரான் என்றால் கணினி மொழிகளில் கிழட்டு மொழி என்று சிரிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும். மழை எவ்வளவு, எல்லை எவ்வளவு, தாண்டியதா இல்லையா. அவ்வளவுதான் கேட்கும்.

எங்கள் தோட்டத்துச் சரிவில் மூன்று மழைமானிகள் இருக்கின்றன. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அவற்றின் அளவு ஆபீஸ் கணினிக்கு வரும். மூன்று மணி நேர மழை எல்லையைத் தாண்டினால், தொழிலாளர் வீடுகள் இருக்கும் கீழ் லயத்தில் சங்கு ஊதும். ஊதினால் எல்லோரும் எதையும் எடுக்காமல் மேலே தேவாலயத்துக்கு ஏறிவிட வேண்டும். இதைச் செய்யும் ஃபோர்ட்ரான் நிரலை எழுதியவர் ஆபீஸ் எழுத்தர், எங்கள் வாயில் கிராணி, தங்கராஜு. ஓய்வு பெற்ற பிறகும் மனைவி சரோஜா ஆன்ட்டியோடு கீழ் லயத்தில்தான் இருந்தார். வேலையை விடும்போது நிரலை என்னிடம் ஒப்படைத்தார்.

சிந்தியா என் மனைவி. கோலா தெர்லாவில் காய்கறிப் பெட்டி கட்டும் கொட்டகையில் இரவு வேலை. பகலில் தூங்குவாள். இரண்டு வருடத்துக்கு முன் நவம்பரில் ஒரு பகல், மண் சரிந்து கீழ் லயத்தில் எங்கள் வீட்டை மட்டும் மூடியது. சங்கு ஊதவில்லை. நான் ஆபீஸில் இருந்தேன்.

பிறகு மேல் லயத்தில் வீடு கொடுத்தார்கள். சேற்றில் கிடைத்த அவள் கம்பளிச் சட்டையைத் துவைத்துப் போட்டேன். இந்தப் பனியில் காய மூன்று நாளாயிற்று. மடித்து வைத்தேன். வீட்டில் வேறு வேலை இல்லை.

விசாரணையில் கருவிகள் எல்லாம் சரி என்றார்கள். யார் தவறு என்று சொல்லவில்லை. எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது.

அன்றைய மழை அளவுகளை மறுபடி நிரலுக்குக் கொடுத்து டீபக்கரில் ஓட்டினேன். நிரலை ஒரு வரி ஓடவிட்டு நிறுத்தி, அடுத்த வரிக்கு நகர்த்தும் கருவி அது. எந்த வரியில் நிற்கிறோம் என்று ஓர் அம்பு காட்டும். எல்லையைத் தாண்டியதா என்று பார்ப்பது 212ஆம் வரி. அம்பு 209இலிருந்து 216க்குப் போனது. பிறகு 208க்குத் திரும்பியது. 212ஐத் தொடவே இல்லை. எல்லையின் மதிப்பைக் கேட்டேன். அப்படி ஒன்று இப்போது இல்லை என்றது. பத்து முறை ஓட்டினேன். பத்து முறையும் அதேதான்.

கிராணியை வரச் சொல்லிக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார்.

"எல்வின், அது அப்படித்தான்லா குதிக்கும். வேகமா ஓடணும்னு கம்பைலர் வரியெல்லாம் மாத்திப் போட்டிருக்கும். அம்பு காட்டலன்னா வரி ஓடலன்னு அர்த்தமா? காலேஜ்ல என்னத்ததான் சொல்லிக் குடுத்தானுங்க?"

"அப்ப சங்கு ஏன் ஊதல, கிராணி?"

சிரிப்பு நின்றது. என் தோளில் கை வைத்தார்.

"வேகத்த எடுத்துட்டு மறுபடி பில்ட் பண்ணு தம்பி. அம்பு ஒழுங்கா நடக்கும், நம்பரும் தெரியும். திங்கக்கெழம நானே வந்து பண்ணித் தரேன். என்னான்னு பாத்துடலாம்."

அது வெள்ளிக்கிழமை.

ஞாயிறு பகல் மழை பிடித்தது. ஆபீஸில் நான் மட்டும். ஓடிக்கொண்டிருந்த சங்கு நிரலில் டீபக்கரை இணைத்து, 212ஆம் வரியில் நிறுத்தம் வைத்தேன். இரண்டே காலுக்கு அம்பு அங்கே வந்து நின்றது. அடுத்த வரிக்குப் போக ஒரு விசையை அழுத்தினால் போதும். அழுத்தவில்லை. தேநீர் போட்டுக் குடித்தேன். மழையளவு 118. எல்லை 110. நாலு மணிக்குச் சரிவு சத்தம் கேட்டது. நான் யாரையும் தொடவில்லை. கிராணி போனார், சரோஜா ஆன்ட்டி போனார். அவர்கள் பக்கத்து வீட்டு விக்னேஸ்வரி அன்று பிரிஞ்சாங் போயிருப்பாள் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் பெண்ணும் வீட்டில்தான் இருந்தாள்.

அம்பு 212ஐத் தொடவே தொடாது என்றால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் அங்கே எப்படி நின்றது என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர். நல்ல கேள்வி. உங்களுக்கும் இந்த வேலை தெரிகிறது.

வெள்ளிக்கிழமை கிராணி வீட்டுக்குப் போனதுமே அவர் சொன்னபடி பில்ட் செய்தேன். அதைத்தான் பிறகு ஓடவிட்டிருந்தேன். அன்றைய மழை அளவுகளோடு அன்றைய அமைப்புகளின் நகலையும் கொடுத்ததும், அம்பு ஒவ்வொரு வரியாக நடந்தது. சிந்தியா செத்த நாளில் 212ஆம் வரி ஓடியிருக்கிறது. மழை 142. எல்லை 160. தாண்டவில்லை, அதனால் ஊதவில்லை. நிரலில் பிழை இல்லை.

கிராணி வைத்த எல்லை 110தான். அவள் சாவதற்கு முந்தின அக்டோபரில் பத்து நாளில் நாலு முறை சங்கு ஊதி, ஒன்றும் நடக்கவில்லை. "உங்க சங்கு என்னத் தூங்கவே விடாது போல, கொஞ்சம் ஏத்தி வைங்களேன்" என்றாள் சிந்தியா. 160க்கு ஏற்றினேன். அடக்கம் முடிந்த மறுநாள் பழையபடி 110 ஆக்கிவிட்டேன். அன்றைய அமைப்புகளின் நகல் கணினியில் இருக்கும் என்பது கிராணிக்குத் தெரியும். திங்கட்கிழமை அதைத்தான் திறந்திருப்பார்.

இதையெல்லாம் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று. ஒரு மனிதன் தன் மனைவி தூங்கட்டும் என்று எண்ணை மாற்றினால், மாற்றவிடாமல் தடுக்கும் வரி ஒன்றைக் கிராணி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சிந்தியாவைக் கொன்றது அவர்தான்.