கை வைத்தால் நிற்கும் இரைச்சல்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண் தன் புருஷனிடம் சொன்னதைக் கேட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

“பாட்டு முடியற வரைக்கும் நான் அதுமேல வச்ச கைய எடுக்கக் கூடாதாக்கும். அது என்ன ரேடியோவா, காய்ச்சல்காரப் பிள்ளையா?”

“ரேடியோ இல்லட்டி, ப்ரீஆம்ப். பாட்டுச் சத்தத்தக் கூட்டிக் குடுக்கற பெட்டி. வால்வு போட்டு நானே செஞ்சது. நீ பெட்டியத் தொட்டா இரைச்சல் நிக்குது, கைய எடுத்தா உம்முனு வருது. வால்வ மாத்திட்டேன், வயர மாத்திட்டேன். எம்புட்டுத்தான் பாக்க?”

“இன்னைக்கு என் தம்பிக்கு நிச்சயம். நம்ம பக்கம் நீங்கதான் தட்டு மாத்தணும். அங்க வந்தும் இதையே பேசாதீய.”

“பேசல.”

செத்த நேரத்தில் அவரே ஆரம்பித்தார். “எர்த் வயரப் பெட்டியோட சேத்து போல்ட் போட்டு முடுக்கியிருக்கேன். பொறவும் ஏன் இரையுது?”

“முடுக்குனது பெட்டிக்குப் பெயிண்ட் அடிக்கதுக்கு முன்னாலயா, பொறவா?” என்று கேட்டாள் அவள்.

“பொறவுதான். ரெண்டு கோட்டு அடிச்சு, நல்லாக் காஞ்ச பொறவு...” பாதியில் நிறுத்திவிட்டார். “பெயிண்ட்டு மேல முடுக்குனா எர்த் எப்படிப் பிடிக்கும்?”

ஸ்ரீவில்லிபுத்தூரில் நானும் அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். அவர் பழத்தட்டுப் பையை அவள் கையில் கொடுத்தார்.

“உப்புத்தாள வச்சு அந்த எடத்த மட்டும் சொரண்டிட்டு அடுத்த பஸ்ல வாரேன்.”

அவள் பதில் சொல்வதற்குள், புறப்பட்டுக்கொண்டிருந்த ராஜபாளையம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டார்.

பஸ் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தவள் பையிடம் சொன்னாள்: “தட்டு மாத்துன பொறவு கேட்டிருக்கலாம்.”