நீக்கத்துக்குக் காரணம்

இல்லங்க டீச்சர், ஒரு ஃபாரம் போதும். எங்க வீட்டுக்காரர் பேருக்கு மட்டும் குடுங்க. ஜெபராஜ், பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்து ரிட்டயர் ஆனவரு, அவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல. கேத்தரின்னு என் பேர்ல இருக்கறத நீங்களே வச்சுக்கங்க. ஏன்னு சொல்றேன், மொதல்ல உக்காருங்க. ஸ்ரீரங்கத்துலேர்ந்து ரெண்டு பஸ் மாறி வந்து, வோட்டர் லிஸ்ட்ட தூக்கிக்கிட்டு வீடு வீடா அலையறீங்க. பாவம்.

நான் மலேசியாக்காரி. ஈப்போ. பாத்தீங்களா, நீங்களும் சிரிக்கறீங்க. எல்லாரும் இப்படித்தான். பேச்சு நம்ம பேச்சு, கொழம்பு நம்ம கொழம்பு, இந்த திருச்சி கே.கே. நகர்ல இருபத்தொம்பது வருஷம் குப்பை கொட்டியாச்சு. ஆனா காயிதத்துல நான் வெளிநாட்டுக்காரி.

விசாவ நீட்டிக்க நான் ஓடின ஓட்டம் இருக்கே, அத ஏன் கேக்கறீங்க. புருசன் லெட்டர் குடு, சேந்து எடுத்த போட்டோ குடு, வீட்டு வரி ரசீது குடு. போன தடவையே குடுத்தேனே சார்னா, அது போன தடவம்மாங்கறான். ஒரு பொண்ணு, எம் பொண்ணு வயசுதான் இருக்கும், எதுக்காக இந்தியாவுல தங்கியிருக்கீங்கன்னு ஃபாரத்தப் பாத்துக் கேக்குது. என்னத்தச் சொல்ல? இந்த மனுசனுக்கு உப்புக் கம்மியா சமைச்சுப் போடறதுக்குத்தாம்மான்னேன். அது அப்படியே டைப் அடிக்கப் போயிடுச்சு.

எங்கம்மா அங்க முடியாம கெடந்தப்ப என் பாஸ்போர்ட்டு விசா ஆபீஸ்ல மாட்டிக்கிச்சு. இன்னிக்கு வா, நாளைக்கு வான்னாங்க. அம்மா அடக்கத்த நான் போன்லதான் பாத்தேன். வயிறு எரிஞ்சுது டீச்சர், இப்பவும் எரியுது. அன்னிக்குத்தான் முடிவு பண்ணேன், இந்த ஊர்க்காரியாவே ஆயிடறதுன்னு.

குடியுரிமைக்கு எழுதிப் போட்டு நாலு வருஷம் ஆச்சு. விசாரணைக்கு வந்த போலீசு, பக்கத்து வீட்டு சகாயம்மாகிட்ட, இவங்க நெஜமாவே சேந்துதான் குடும்பம் நடத்தறாங்களான்னு கேட்டிருக்காரு. குடும்பம் நடத்தாமயா தெருவே கேக்கற மாதிரி சண்டை போடறாங்கன்னு அது சொல்லுச்சாம். அதுல பாஸாயிட்டேன்.

போன கிறிஸ்துமஸ் கழிச்சு லெட்டர் வந்துச்சு. குடுக்கறோம், மொதல்ல அந்த நாட்டுக் குடியுரிமைய விட்டுட்டு வான்னு. விட்டேன். பாஸ்போர்ட்ட மூலையில வெட்டிட்டாங்க. இப்ப அங்கயும் ஆள் இல்ல, இங்கயும் ஆள் இல்ல. சர்ட்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் அந்தரத்துல தொங்கறேன்.

கடைசியா ஒரு காயிதம் பாக்கின்னாங்க. முத்திரைத்தாள்ல உறுதிமொழி. இந்தியாவுல வோட்டர் லிஸ்ட்ல பேர் சேத்ததில்ல, ஓட்டுப் போட்டதில்லன்னு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன். இன்னியோட எட்டு நாள் ஆகுது.

ஆமா, அந்த ஃபாரத்துல இருக்கற போட்டோ நான்தான். முடி கறுப்பா இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

பதினெட்டு வருஷம் முன்னாடி இந்த வார்டுல வளவன்னு ஒருத்தரு இருந்தாரு. தெருவுல எல்லார் பேரையும் வோட்டர் லிஸ்ட்ல அவருதான் சேத்துவிட்டாரு. எனக்கு மலேசியா பாஸ்போர்ட்டுப்பான்னு சொன்னேன். அட சும்மா இருங்கக்கா, நீங்க நம்ம ஊரு மருமகதானேன்னாரு. அத கேட்டு உச்சி குளுந்து போச்சு எனக்கு. மூணு தடவ ஓட்டுப் போட்டேன் டீச்சர். ஒவ்வொரு தடவையும் நல்ல பொடவையா கட்டிக்கிட்டுப் போய் வரிசையில நின்னேன். அங்க மட்டும்தான் யாரும் என்னை எதுக்கு இங்க இருக்கேன்னு கேக்கல.

மறந்துபோய் கையெழுத்துப் போட்டேன்னு உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். நல்லா ஞாபகம் இருந்துச்சு. போடலன்னா சர்ட்டிபிகேட் இல்ல, திரும்பிப் போகவும் நாடு இல்ல. வேற என்னதான் செய்யச் சொல்றீங்க?

வெளிநாட்டவர்னு எழுதினா நேரா அந்தக் குடியுரிமை ஆபீஸ்லதான் போய் நிக்கும். வேணாம். ஃபாரத்த நிரப்பாம சும்மா விட்டாலும், காரணம் போட்டாத்தான் லிஸ்ட்லேர்ந்து பேர் போகுமா? சரி, என்னென்ன காரணம் இருக்கு, படிங்க.

இடம் மாறிட்டாங்கன்னு போடாதீங்க டீச்சர். ஒரே எடத்துல இருக்கேன்னு காட்டத்தான இத்தன வருஷமா இந்தப் பாடு. நான் எங்கயும் போகல. ஆளக் காணோம்னும் வேணாம், எதுக்க உக்காந்திருக்கேன்ல. ரெண்டு எடத்துல பேர் இருக்குன்னு போடலாம்னா, ஒரு எடத்துலயே ஒழுங்கா இல்லையே.

அப்பறம் என்ன, இறந்துட்டாங்கன்னு ஒண்ணு இருக்கா?

அதுல டிக் போட்டுருங்க. எங்க வீட்டுக்காரர் வந்தா நான் சொல்லிக்கறேன்.