மாஸ்டரின் மூன்று நாட்டுத் தேநீர்

மேடையில் இருக்கும் பெரியோர்களே, இந்த மழையிலும் லண்டன் ரெய்னர்ஸ் லேன் மண்டபத்தை நிறைத்திருக்கும் உறவுகளே, வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நம் நிலாப்தீன் மாஸ்டர் நம்மை விட்டுப் போய்விட்டார்! யாழ்ப்பாணம் சோனகதெருவில் புவியியல் படிப்பித்தவர். இங்கே சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு வகுப்பெடுத்தவர். வாலிபத்தில் லாகூரிலிருந்து ஈரான், துருக்கி வழியாக, பஸ்ஸும் றெயிலுமாக லண்டன் வந்து பார்த்தவர். பாகிஸ்தான், ஈரான், துருக்கி மூன்று நாடுகளும் கூட்டாக இருந்த காலம் அது. எல்லைக் காவலர் கடவுச்சீட்டோடு தேநீரும் நீட்டினாராம். ஐம்பது வருடமாகியும் அந்தத் தேநீர் அவர் நெஞ்சில் ஆறவில்லை.

அவர் வீட்டுச் சுவரில் ஒரு வரைபடம். மூன்று நாடுகளுக்கும் ஒரே பச்சை, அவரே பூசியது. கராச்சியில் ஏறி, குவெற்றா வழியாக இஸ்தான்புல்லில் இறங்க ஒரே டிக்கெட், அதுதான் அவர் கனவு. யன்னலுக்கு வெளியே மெற்றோபொலிற்றன் றெயில் போகும்போது கண்ணை மூடி, "குவெற்றா வந்திட்டுது" என்பார்.

"மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்கே றெயில் ஓடேல்லை. நீங்கள் கராச்சியில இருந்து விடப்போறியளோ?" என்று அந்நாளில் சீண்டுவேன்.

"முதல்ல மூண்டு நாடும் கதைக்கட்டும் குகதாசன். றெயில் பிறகு வரும்."

தொண்ணூறில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் எல்லோரோடும் சொந்த ஊரிலிருந்து விரட்டப்பட்டவர் அவர். விரட்டியவர்கள் தமிழ் பேசியவர்கள். அப்படிப்பட்டவருக்கு அயலவர் மேல் இத்தனை நம்பிக்கை எங்கிருந்து வந்தது? எனக்கு இன்றும் விளங்கவில்லை!

ஞாயிறுதோறும் அவர் மேசையில் தேநீர். முடிதிருத்தும் துருக்கிக்காரர் ஒர்ஹான் வருவார். கம்பளக்கடை ஈரானியர் பர்ஹாத் சீனிக்கட்டியைப் பல்லில் கடித்துக் குடிப்பார். பலசரக்குக்கடை பாகிஸ்தானியர் தாரிக்குக்குப் பால் ஊற்றிக் காய்ச்ச வேண்டும்.

பிறகு ஒருநாள் ஈரானும் பாகிஸ்தானும் எல்லை தாண்டி ஏவுகணை வீசிக்கொண்டன. நாடுகள் சீக்கிரமே சமாதானமாகிவிட்டன. பர்ஹாதும் தாரிக்கும் ஆனார்களா? இல்லையே! பர்ஹாத் மத்தியானம் வந்தார்; அவர் போனபின் தாரிக் வந்தார். டாக்டர் வேண்டாம் என்ற சீனியோடு மாஸ்டர் இரண்டு தரமும் குடித்தார்.

"ரெண்டு பேரும் இன்னும் வருகினம்தானே. கதவைப் பூட்ட ஏலுமே?" என்றார்.

இன்றும் ஞாயிறு. மண்டபத்தின் இந்த ஓரத்தில் பர்ஹாத் இருக்கிறார். அந்த ஓரத்தில் தாரிக். இருவர் கண்ணும் சிவந்திருக்கிறது.

அன்பர்களே, மாஸ்டரின் மேசையை நான் ஏற்கிறேன். வரைபடம் என் வீட்டுச் சுவருக்கு வருகிறது. அடுத்த ஞாயிறும் தேநீர் உண்டு. ஆனால் நான் மாஸ்டர் இல்லை. இரண்டு தரம் குடிக்க எனக்கு ஏலாது. என் வீட்டில் கேத்தல் ஒரு தரம்தான் கொதிக்கும்.

மாஸ்டரின் மகளே, ஸுமையா, இந்த இருவருக்கும் என் தமிழ் விளங்காது. நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லிவிடுங்கள் பிள்ளை. தனித்தனியாகப் போய்ச் சொல்ல வேண்டாம். இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டு, ஒரே தரம் சொல்லுங்கள்.