சனிக்கிழமை வென்ற கோப்பை

பந்தயத்துக்கு நாள் குறிக்கும் வல்லமை வாய்ந்த தலைவர் அவர்களே! சித்தூரிலிருந்தும் கொல்லங்கோட்டிலிருந்தும் திரண்டு வந்திருக்கும் பெரியோர்களே! பெற்ற பிள்ளை முந்த வேண்டுமென்று நேர்ந்துகொண்டு வந்திருக்கும் தாய்மார்களே! பெருமாட்டி ஊர் ஆறுச்சாமியின் பணிவான வணக்கம்.

"பழம்பெருமை பேசுங்க" என்றார்கள். பேசுகிறேன். நூறாண்டுக்கு முன் இதே சாலையில், சித்தூர் முதல் கொல்லங்கோடு வரை, காற்றும் களைக்கக் கால் களைக்காமல் ஓடினான் ஒருவன். பெயர் எலியாவு. கொச்சியிலிருந்து வந்து கொப்பரை வியாபாரம் பார்த்த யூதன். இரண்டு வருஷம் அவனே முதல். மூன்றாம் வருஷம் பந்தயம் சனிக்கிழமைக்கு மாறியது. சனிக்கிழமை யூதருக்கு ஓய்வு நாள். உலையும் ஏற்றமாட்டார்கள், ஊரும் போகமாட்டார்கள்.

"ஒரே ஒரு நாள் தள்ளி வையுங்க, உசிரக் குடுத்து ஓடறேன்" என்று கெஞ்சினான். கமிட்டி என்ன சொன்னது தெரியுமா? "ஓடறவனுக்கு நாளென்ன, கிழமையென்ன?" என்றது! அன்று வெள்ளை வேட்டி கட்டிச் சாலையோரம் நின்று பார்த்தான். பிறகு அவன் ஓடவே இல்லை.

வென்றவர் யார்? என் அப்பாரு, என் அப்பாவைப் பெற்ற காளியண்ணன்! கை தட்டாதீர்கள் ஐயா, கேளுங்கள். சாகும் முன் என் கையைப் பிடித்து அவர் அழுதார். "கமிட்டிக்கிட்டச் சனிக்கிழமை வைக்கச் சொன்னதே நான்தாண்டா. அவன ஓடி ஜெயிக்க முடியாதுன்னு நாள வெச்சு ஜெயிச்சேன்."

இன்று? இரண்டு வருஷமாக முதலில் வருபவன் மளிகைக்கடை அலவியின் மகன் ஜாகிர். இந்த வருஷப் பந்தயம் வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டரை! ஜும்மா தொழுகை நேரம்! பாலக்காட்டு வெயிலில் பன்னிரண்டரைக்கு மாட்டைக்கூட அவிழ்க்கமாட்டோமே, மனிதனை ஓடவிடுவோமா? "தெரியாம வெச்சுட்டோமுங்க" என்கிறார்கள். தெரியாமலா? தெரியாமலா? தொழுவதா ஓடுவதா என்று தெரியாமல், அதோ கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறான் ஜாகிர்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்புகிறார், 'சுருக்கா முடிங்க' என்று. முடித்துவிடுகிறேனுங்க. இதோ அப்பாரு வாங்கிய கோப்பை. மூன்று தலைமுறையாக எங்கள் ஊட்டு அலமாரியில் பெருமையோடு இருந்தது. தலைவர் அவர்களே, உங்கள் மேசையில் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை வெல்லப்போகிறவருக்கு இதையே கொடுங்கள். பொருத்தமாக இருக்கும்.

பொறுமையாகக் கேட்ட எல்லோருக்கும் நன்றி. பந்தய நாளை மாற்ற எழுந்து நிற்கிறவர்களுக்கு மட்டும் வணக்கம்.