ஏம்பலத்துத் தரை

"சாணி மெழுகித்தான்பா நம்மள தோக்கடிச்சிட்டாங்க" என்றார் எனக்கு முன் சீட்டில் இருந்த தொப்பிக்காரர். ஏம்பலத்திலிருந்து பாகூர் போகும் பஸ். பக்கத்தில் கண்ணாடி போட்ட இன்னொருவர். இருவரும் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர்கள். மடியிலிருந்த துணிப்பைகளில் பெத்தாங் என்ற பிரெஞ்சுக் குண்டெறி ஆட்டத்துக்கான இரும்புக் குண்டுகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன.

கண்ணாடிக்காரர் சிரித்தார். "வெளியூர்க்காரங்க ஆட வராங்கன்னு ஏம்பலத்துக்காரங்க வூட்டுப் பொம்பளைங்க மரியாதையா மெழுகி வெச்சிருக்காங்க. அதுக்கு இன்னா பண்றது?"

"குண்டு விழுந்த எடத்துல நிக்கணும்னா சரளை வேணும்பா. அந்தத் தரையில என் குண்டு உருண்டு போயி வாய்க்கால்ல குளிச்சிது."

"எறங்கி எடுத்துக் குடுத்ததும் அவங்கதான."

"ஆமா, தொடச்சி வேற குடுத்தாங்க. நல்ல ஜனங்க."

"வர்ற ஞாயித்துக்கெழம அவங்க நம்ம ஊருக்கு வராங்க. நம்ம தரைய சரளையாவே உட்டுடலாமா?"

தொப்பிக்காரர் முறைத்தார்.

"இன்னா பேசற நீ? வர்றவங்க இன்னா நெனைப்பாங்க? மாட்டுக்காரன் கிட்ட காலையிலயே சாணிக்குச் சொல்லிட்டுத்தான் பஸ் ஏறினேன். எங்க வூட்ல கோலமும் போடறேன்னு சொல்லிக்கிது."